இந்திய பாஸ்போர்ட்டுடன் பெரு: விசாவிலிருந்து மாச்சு பிச்சு வாசல் வரை

பெரு நாட்டுக்குப் போய்வருவது பலர் அஞ்சுவதைப் போல அவ்வளவு கடினமான காரியம் அன்று. ஆனால் எந்த வேலையை முதலில் முடிக்கிறோம், எதை அடுத்து வைத்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் செலவும் நிம்மதியும் அமைகின்றன. பெரும்பாலோர் மலிவாகக் கண்ணில் பட்ட விமான டிக்கெட்டை முதலில் வாங்கிவிடுகிறார்கள். இடையில் மாறும் நாட்டுக்குத் தனி விசா வேண்டும் என்பதும், இன்கா மக்களின் பழைய மலைநகரமான மாச்சு பிச்சுவின் நுழைவுச்சீட்டு தாங்கள் போகும் வாரத்துக்கு ஏற்கெனவே தீர்ந்துவிட்டது என்பதும் அதற்குப் பிறகுதான் தெரியவருகின்றன. எனவே கீழே உள்ள படிகளை, எழுதியிருக்கும் வரிசையிலேயே செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். பெருவின் நாணயமான சோலிலும் டாலரிலும் தந்திருக்கும் கட்டணங்கள் மாறக்கூடியவை. பணம் கட்டுவதற்கு முன் அதிகாரபூர்வத் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. உங்களுக்கு விசா தேவையா என்று முதலில் பாருங்கள்

இந்தியக் குடிமக்களுக்குப் பெரு விசா தேவை என்பது பொதுவிதி. அதில் 2017ஆம் ஆண்டிலிருந்து பெரிய விலக்கு ஒன்று இருக்கிறது. அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா ஆகியவற்றில் ஒன்றின் விசாவோ, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவோ உங்களிடம் இருந்து, பெருவில் நுழையும் நாளில் அது இன்னும் 6 மாதமாவது செல்லுபடியாகுமானால், தனி விசா இல்லாமலே சுற்றுலாவுக்குப் போகலாம். அந்த நாடுகளில் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கும் இது பொருந்தும்.

இங்கே இரண்டு இடங்களில் ஆட்கள் சிக்கிக்கொள்கிறார்கள். ஐரோப்பாவுக்குப் போவதற்காக வாங்கிய, இருபது முப்பது நாள் மட்டுமே செல்லும் ஷெங்கன் விசாவைக் காட்டி உள்ளே போய்விடலாம் என்று நினைப்பது முதலாவது; 6 மாதம் மீதம் இல்லாத விசா எதற்கும் உதவாது. அமெரிக்காவின் பத்தாண்டு விசா பழைய பாஸ்போர்ட்டில் இருக்க, புதிய பாஸ்போர்ட்டை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்புவது இரண்டாவது. இரண்டு பாஸ்போர்ட்டையும் கையோடு எடுத்துச்செல்லுங்கள். இந்த விலக்கைப் பற்றிய பெரு அரசின் அறிவிப்பையும் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் கிளம்பிய நாளில் விமான நிறுவனத்தின் கவுன்ட்டரில் இருந்தவர் இப்படியொரு விதியைக் கேள்விப்பட்டதே இல்லை. மேலதிகாரி ஒருவர் வந்து, கணினியில் தேடிப் படித்து, தலையசைக்கும் வரை என் பெட்டி தராசிலேயே நின்றது. கையில் காகிதம் இருந்ததால் பேச்சு சுருக்கமாக முடிந்தது.

விலக்கு பொருந்தாதவர்கள் புதுதில்லியில் உள்ள பெரு தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். நிரப்பிய படிவம், குறைந்தது 6 மாதம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட், புகைப்படம், வங்கிக் கணக்கு அறிக்கை, வேலை அல்லது தொழிலுக்கான சான்று, போகவர விமானப் பதிவு, தங்குமிடப் பதிவு ஆகியவை அடிப்படை ஆவணங்கள். விமானத்தையும் விடுதியையும் இரத்து செய்யக்கூடிய பதிவாகவே காட்டுங்கள். விசா கைக்கு வருவதற்கு முன் திரும்பப் பெற முடியாத டிக்கெட்டை வாங்காதீர்கள். தூதரகம் கூடுதல் ஆவணம் கேட்டால் சில வாரங்கள் ஓடிவிடும் என்பதால், பயணத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்பாகவே தொடங்குவது நல்லது.

2. எந்த வழியாகப் பறப்பது என்பதை இடைமாறும் விசாவை வைத்து முடிவுசெய்யுங்கள்

சென்னையிலிருந்து பெருவின் தலைநகர் லிமாவுக்கு நேரடி விமானம் இல்லை. குறைந்தது இரண்டு இடங்களிலாவது மாற வேண்டியிருக்கும், வீட்டு வாசலிலிருந்து கணக்கிட்டால் முப்பது மணி நேரத்துக்குக் குறையாது. அமெரிக்கா வழியாகப் போகிற டிக்கெட் சில நேரம் மலிவாகத் தெரியும். அமெரிக்காவில் விமான நிலையத்தை விட்டு வெளியே போகாமல் மாறுவதற்கும் அந்நாட்டு விசா கட்டாயம். அது இல்லாதவர்கள் அந்த வழியை எட்டிப்பார்க்கவே வேண்டாம். ஆம்ஸ்டர்டாம், பாரிஸ், மாட்ரிட் நகரங்களிலிருந்து லிமாவுக்கு நேரடி விமானங்கள் இருக்கின்றன. ஆனால் விமான நிலைய இடைமாற்று விசா குறித்து ஐரோப்பிய நாடு ஒவ்வொன்றும் தனித்தனி விதி வைத்திருக்கிறது, அவ்விதிகள் அடிக்கடி மாறவும் செய்கின்றன. ஆகவே டிக்கெட்டில் வரும் நாட்டின் தூதரகத் தளத்தைப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

வேறு எந்த நாட்டு விசாவும் இல்லாதவர்களுக்கு நான் சொல்வது துபாய் அல்லது தோஹா சென்று, அங்கிருந்து பிரேசிலின் சாவ் பாவ்லோ வழியாக லிமா போகும் வழி. முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டில் இருந்து, பெட்டி நேராக லிமாவுக்கு அனுப்பப்படுமானால் சாவ் பாவ்லோவில் பன்னாட்டுப் பகுதிக்குள்ளேயே மாறிக்கொள்ளலாம். இரண்டு நிறுவனங்களில் தனித்தனியே டிக்கெட் எடுத்தால் பெட்டியை எடுத்து மீண்டும் ஒப்படைக்க பிரேசிலுக்குள் நுழைய வேண்டியிருக்கும், அதற்கு பிரேசில் விசா வேண்டும். பத்தாயிரம் ரூபாய் மிச்சப்படுத்தும் ஆசையில் டிக்கெட்டைப் பிரிப்பவர்கள் இந்த இடத்தில்தான் முழுத்தொகையையும் இழக்கிறார்கள்.

3. பெயரை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுதுங்கள்

நம்மில் பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்னும் கட்டம் காலியாக இருக்கும், அல்லது தந்தையின் பெயர் அங்கே உட்கார்ந்திருக்கும். பெருவின் ரயில் நிறுவனங்களும் நுழைவுச்சீட்டுத் தளமும் பெயர், குடும்பப் பெயர் இரண்டையும் கட்டாயமாகக் கேட்கின்றன. ஒன்றை விட்டுவிட்டால் அடுத்த பக்கத்துக்குப் போக விடுவதில்லை. கட்டம் காலியாக உள்ளவர்கள் ஒரே பெயரை இரண்டு இடத்திலும் எழுதலாம். பாஸ்போர்ட்டில் இல்லாத தலைப்பெழுத்தைச் சேர்க்கக் கூடாது. பாஸ்போர்ட் எண்ணில் ஓர் எழுத்துப் பிழைகூட வரக் கூடாது, ஏனெனில் மாச்சு பிச்சு வாசலில் இருப்பவர்கள் சீட்டையும் அசல் பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அந்த எண்ணைத்தான் விரல் ஓட்டிப் பார்க்கிறார்கள். பதிவு செய்த பின் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க நேர்ந்தால் பழையதையும் உடன் கொண்டுசெல்லுங்கள்.

4. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்

இது பெருவுக்குள் நுழைவதற்காக அன்று, இந்தியாவுக்குத் திரும்பி வருவதற்காக. அமேசான் காட்டுப் பகுதிக்குப் போகிறவர்களுக்கு மட்டும் பெரு அரசு இந்த ஊசியைப் பரிந்துரைக்கிறது. இந்தியாவோ பெரு நாடு முழுவதையும் மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளின் பட்டியலில் வைத்திருக்கிறது. பிரேசிலும் அதே பட்டியலில் உண்டு. அந்நாடுகளை விட்டுப் புறப்பட்ட 6 நாட்களுக்குள், தடுப்பூசிச் சான்று இல்லாமல் இந்தியாவில் வந்து இறங்குகிறவரைத் தனிமைப்படுத்தி வைக்க சட்டம் இடம் தருகிறது. நீங்கள் லிமாவைத் தாண்டவே இல்லை என்று சொல்வதால் பயன் இல்லை.

அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே இதைப் போட்டுக்கொள்ள வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டும் துறைமுக சுகாதார நிறுவனமும் போடுகின்றன. குறிப்பிட்ட கிழமைகளில் மட்டும், குறிப்பிட்ட எண்ணிக்கையில்தான் போடுவார்கள் என்பதால் முன்பதிவு செய்துகொண்டு, அசல் பாஸ்போர்ட்டுடன் போங்கள். சான்று ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் செல்லுபடியாகும்; அதன் பின் வாழ்நாள் முழுவதும் செல்லும். முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள், 60 வயதைக் கடந்தவர்கள் ஆகியோர் முதலில் தங்கள் மருத்துவரிடம் பேசிவிட்டுப் போக வேண்டும். சான்றான மஞ்சள் நிறப் புத்தகம் கையில் கிடைத்ததும், அங்கேயே நின்று பாஸ்போர்ட் எண்ணைச் சரிபாருங்கள்.

5. மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

மாச்சு பிச்சுவுக்குப் போகிறவர்கள் விமானத்தில் வந்து இறங்கும் குஸ்கோ நகரம், மாச்சு பிச்சு பக்கத்தில் மே முதல் அக்டோபர் வரை வறண்ட காலம். நவம்பர் முதல் மார்ச் வரை மழை, அதிலும் ஜனவரியும் பிப்ரவரியும் கடுமையானவை, மண்சரிவால் ரயில்கள் நிற்பதுண்டு. ஜூன், ஜூலை, ஆகஸ்டில் வானம் தெளிவாக இருக்கும், கூட்டமும் விலையும் உச்சத்தில் இருக்கும். ஜூன் 24 அன்று குஸ்கோவில் நடக்கும் இன்டி ரைமி திருவிழாவை ஒட்டி அறை கிடைப்பதே அரிது. என் தேர்வு மே அல்லது செப்டம்பர். அந்த மாதங்களில் பகலில் இதமாகவும் இரவில் நல்ல குளிராகவும் இருக்கும்.

6. மாச்சு பிச்சு நுழைவுச்சீட்டை, தேதி உறுதியானவுடன் வாங்குங்கள்

பயணத்தின் மற்ற எல்லாத் தேதிகளும் இதைச் சுற்றித்தான் அமைய வேண்டும். ஒரு நாளைக்கு 4,500 பேர், நெரிசல் காலத்தின் சில நாட்களில் 5,600 பேர் என்று வரம்பு இருக்கிறது. பெரு கலாச்சார அமைச்சகத்தின் 'து போலேட்டோ' என்னும் தளத்தில் நேரடியாக வாங்கலாம். தேடுபொறியில் முதலில் வருபவை பெரும்பாலும் முகவர்களின் தளங்கள், அவர்கள் மேலே ஒரு தொகை வைத்து விற்கிறார்கள். வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு 152 சோல். மலையேற்றத்துடன் கூடிய சீட்டு 200 சோல். இந்திய வங்கி அட்டையில் பன்னாட்டு இணையப் பரிவர்த்தனையை முன்கூட்டியே இயக்கி வையுங்கள், இரண்டாவதாக வேறொரு வங்கியின் அட்டையையும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

சீட்டு வாங்கும்போது தேதி, நேரம் ஆகியவற்றோடு எந்தச் சுற்று என்பதையும் தேர்ந்தெடுக்க வேண்டும். 2024 ஜூன் முதல் மூன்று சுற்றுகளும் அவற்றுக்குள் பத்து வழித்தடங்களும் உள்ளன. இதை அவசரமாகக் கடந்துபோகாதீர்கள். முதல் சுற்று மேலிருந்து முழு நகரத்தையும் பார்க்கிற சுற்று, எல்லோரும் அறிந்த அந்தப் புகைப்படக் காட்சி அதில் கிடைக்கும், ஆனால் கற்கட்டடங்களுக்கு நடுவே நடக்க முடியாது. இரண்டாம் சுற்றில் அந்தக் காட்சியும் கிடைக்கும், நகரத்துக்குள்ளும் நடக்கலாம். முதல்முறை போகிறவர்களுக்கு இதுதான் ஏற்றது, முதலில் தீர்ந்துபோவதும் இதுதான். மூன்றாம் சுற்று கீழ்ப்பகுதி வழியாகப் போவது. செங்குத்தான வைனா பிச்சு மலையேற்றம் இதோடு சேர்ந்தது. வைனா பிச்சு என்ற பெயரைப் பார்த்ததும் அந்தச் சீட்டே உயர்ந்த சீட்டு என்று எண்ணி வாங்கி, அந்தப் புகைப்படக் காட்சி கிடைக்கும் மேல்தளத்துக்குப் போக அனுமதி இல்லை என்பதை வாசலில் அறிந்து வருந்துகிறவர்கள் உண்டு. இரண்டும் வேண்டுமென்றால் இரண்டு சீட்டு வாங்கத்தான் வேண்டும்.

இணையத்தில் தீர்ந்துவிட்டாலும் ஒரு வழி இருக்கிறது. மலையடிவார ஊரான அகுவாஸ் காலியெந்தேஸில் உள்ள கலாச்சார அமைச்சக அலுவலகத்தில், மறுநாளுக்கான 1,000 சீட்டுகள் நேரில் விற்கப்படுகின்றன. அதற்கு முந்தின நாளே போய் வரிசையில் நிற்க வேண்டும், ஓர் இரவு அங்கே தங்க வேண்டும், விரும்பிய சுற்று கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. நாள் கணக்கில் நேரம் உள்ளவர்களுக்கு மட்டுமே இது சரிப்படும்.

மாச்சு பிச்சுவுக்கு நான்கு நாள் நடைப்பயணமான இன்கா பாதையில் போக நினைப்பவர்களுக்குத் தனி அனுமதி வேண்டும். சுமைதூக்குவோர், வழிகாட்டிகள் உட்பட நாளொன்றுக்கு 500 பேர்தான். உரிமம் பெற்ற நிறுவனம் வழியாகவே பதிய முடியும். பல மாதம் முன்பே தீர்ந்துவிடும். பிப்ரவரியில் பாதை மூடப்பட்டிருக்கும்.

7. அடுத்து ரயில், அதன்பின் மலைப்பேருந்து

அகுவாஸ் காலியெந்தேஸுக்குச் சாலை கிடையாது. ஒயாண்டைடாம்போ என்ற ஊரிலிருந்து ரயிலில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்தில் போகலாம். பெரு ரயில், இன்கா ரயில் என இரு நிறுவனங்கள் ஓட்டுகின்றன. ஒரு வழிக்கு ஏறத்தாழ 60 முதல் 80 டாலர், சொகுசு வண்டிகளில் பல மடங்கு. நுழைவு நேரத்துக்கு மூன்று மணி நேரம் முன்பாவது ஊரை அடையும் ரயிலைப் பதிவு செய்யுங்கள். ரயிலில் சிறிய பைக்கு மட்டுமே அனுமதி என்பதால் பெரிய பெட்டியை குஸ்கோவிலோ ஒயாண்டைடாம்போவிலோ விடுதியில் விட்டுச்செல்ல வேண்டும். பெரும்பாலான விடுதிகள் பணம் வாங்காமல் பார்த்துக்கொள்கின்றன.

அகுவாஸ் காலியெந்தேஸிலிருந்து வாசல் வரை பேருந்தில் 25 நிமிடம். போகவர 24 டாலர். அதிகாலை ஐந்தரைக்கு முதல் வண்டி. அந்த வண்டிக்காக நான்கு மணிக்கே வரிசை தொடங்கிவிடுகிறது; உங்கள் நுழைவு எட்டு மணிக்கு என்றால் அந்த வரிசையில் நின்று தூக்கம் கெடுத்துக்கொள்ளத் தேவையில்லை. கழிவறை வாசலுக்கு வெளியில் மட்டுமே உண்டு, உள்ளே போய் வெளியே வந்தால் மீண்டும் விட மாட்டார்கள். 40க்கு 35க்கு 20 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட பை, முக்காலி, டிரோன் ஆகியவற்றுக்கு அனுமதி இல்லை. சீட்டு, பேருந்து, ரயில் மூன்றும் சேர்ந்து ஒருவருக்கு ஏறத்தாழ 200 டாலர் ஆகிவிடும். மொத்தச் செலவில் இந்த ஒரு நாளுக்கே தனியாகப் பணம் ஒதுக்குங்கள்.

இங்கே போராட்டங்களால் ரயில் நிற்பதும் உண்டு. 2023 ஜனவரியில் மாச்சு பிச்சுவே மூடப்பட்டது, 2025 செப்டம்பரிலும் ரயில் நின்று பயணிகள் சிக்கினார்கள். ஆகவே மாச்சு பிச்சுவைப் பயணத்தின் கடைசி நாட்களில் வைக்காதீர்கள்.

8. உயரத்துக்கு உடலைப் பழக்குங்கள்

ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குஸ்கோ 3,400 மீட்டர். ஊட்டியில் ஒன்றும் ஆகவில்லை என்பது குஸ்கோவில் ஒன்றும் ஆகாது என்பதற்குச் சான்று ஆகாது. கடல்மட்டத்தில் இருக்கும் லிமாவிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் விமானம் உங்களை அங்கே கொண்டுபோய் இறக்கிவிடும். அன்று மாலையே தலைவலி, குமட்டல், தூக்கமின்மை தொடங்கலாம். வயதுக்கும் உடற்பயிற்சிக்கும் இதில் அதிகத் தொடர்பில்லை.

எளிய வழி ஒன்று உண்டு. குஸ்கோ விமான நிலையத்தில் இறங்கியதும் நகரத்தில் தங்காமல், நேராக வாடகைக் காரில் புனிதப் பள்ளத்தாக்குக்கு இறங்கிவிடுங்கள். உருபாம்பா 2,870 மீட்டர், ஒயாண்டைடாம்போ 2,800 மீட்டர் அளவில்தான் உள்ளன. அங்கே இரண்டு இரவு, பிறகு 2,430 மீட்டரில் உள்ள மாச்சு பிச்சு, கடைசியாகக் குஸ்கோ என்று வைத்தால் உடல் தானாகப் பழகிக்கொள்ளும். முதல் நாள் குறைவாகச் சாப்பிடுங்கள், நிறையத் தண்ணீர் குடியுங்கள், மது வேண்டாம். இந்த உயரத் தொல்லையைத் தடுக்கும் அசெட்டசோலமைடு மாத்திரையைப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்களுக்கு அது ஆகாது, ஊரிலேயே மருத்துவரைக் கேட்டு வாங்குங்கள். 5,000 மீட்டருக்கு மேலே உள்ள வானவில் மலைக்கு முதல் இரண்டு மூன்று நாளில் போகாதீர்கள். பயணக் காப்பீட்டில் எத்தனை மீட்டர் உயரம் வரை பொறுப்பேற்கிறார்கள் என்ற வரியைத் தேடிப் படித்துவிட்டு வாங்குங்கள். சிலவற்றில் குஸ்கோவே வெளியே போய்விடும்.

9. பணம்

டாலர் நோட்டாகக் கொஞ்சம், டாலர் ஏற்றிய பயண அட்டை ஒன்று, சாதாரண வங்கி அட்டை ஒன்று போதும். டாலர் நோட்டின் ஓரத்தில் சிறு கிழிசல் இருந்தாலும், பேனா கோடு இருந்தாலும் பெருவில் வாங்க மாட்டார்கள். இந்தியாவில் மாற்றும்போதே ஒவ்வொரு தாளையும் வெளிச்சத்தில் பார்த்து வாங்குங்கள். ஏடிஎம்களில் ஒருமுறைக்கு எடுக்கும் தொகை குறைவு, கட்டணமோ அதிகம். உங்கள் நாட்டு நாணயத்தில் கணக்கிடட்டுமா என்று இயந்திரம் கேட்டால் வேண்டாம் என்றே அழுத்துங்கள்.

வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளுக்கு விடுதி அறைமீது 18 சதவீத விற்பனை வரி கிடையாது. பாஸ்போர்ட்டையும் நாட்டுக்குள் நுழைந்த பதிவையும் காட்டினால்தான் இந்த விலக்கு கிடைக்கும். இப்போது நுழைவுப் பதிவு பெரும்பாலும் மின்னணு முறையில் செய்யப்படுவதால், குடியேற்றத் துறையின் தளத்திலிருந்து அதைத் தரவிறக்கி, எத்தனை நாள் அனுமதித்திருக்கிறார்கள் என்பதையும் அதிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

குஸ்கோ சுற்றுலாச் சீட்டு 130 சோல். 10 நாட்களுக்குள் சக்ஸைவாமான், பிசாக், ஒயாண்டைடாம்போ உள்ளிட்ட 16 இடங்களுக்கு இது செல்லும். மராஸ் உப்பளங்களும் குஸ்கோ பேராலயமும் இதில் சேரா. ரொக்கமாகக் கொடுக்கத் தயாராகப் போங்கள்.

10. லிமாவும் உள்ளூர்ப் போக்குவரத்தும்

லிமா விமான நிலையத்தின் புதிய முனையம் 2025 ஜூனில் திறக்கப்பட்டது. பழைய வழிகாட்டிகளில் உள்ள வழிக்குறிப்புகளை நம்ப வேண்டாம். பயணிகள் பெரும்பாலும் தங்கும் மிராஃப்ளோரெஸ் பகுதிக்கு நெரிசலில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகும். முனையத்துக்குள் உள்ள அங்கீகாரம் பெற்ற டாக்ஸி அல்லது செயலி வழியாக அழைத்த வண்டியில் மட்டும் ஏறுங்கள். தெருவில் ஓடும் டாக்ஸிகளில் மீட்டர் கிடையாது. குஸ்கோ விமானங்கள் வானிலையால் தாமதமாவதும் இரத்தாவதும் சாதாரணம். குஸ்கோவிலிருந்து லிமா வந்து அதே நாளில் ஊருக்குப் புறப்படும்படி திட்டமிடாமல், இடையில் ஓர் இரவு லிமாவில் தங்குங்கள்.

11. சைவ உணவு

இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் கோழியோடு வரும். கோழியும் மீனும் வேண்டாம் என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டும். "சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ" என்பதைக் கைபேசியில் ஸ்பானிய எழுத்தில் வைத்திருந்து காட்டினால் குழப்பம் இல்லை. காய்கறி சூப்பிலும் எலும்புச் சாறு கலந்திருக்கலாம். சோறு, உருளைக்கிழங்கு, மக்காச்சோளம், கீன்வா, அவகாடோ எங்கும் கிடைக்கும். சீன உணவகங்களான சீஃபாக்களில் காய்கறி சாவுஃபா என்று கேட்டால் ஃபிரைடு ரைஸ் வரும், நம் நாக்குக்கு அது ஒத்துப்போகும். குழாய் நீரைக் குடிக்க வேண்டாம்.

12. திரும்பும்போது

குஸ்கோவில் விடுதிக்கு விடுதி கோகா இலைத் தேநீர் தருவார்கள், அங்கே அது சட்டப்படி சரி. ஆனால் கோகா இலையையோ தேயிலைப் பையையோ மிட்டாயையோ பெட்டியில் போட்டுக்கொண்டு வராதீர்கள். இந்தியாவில் கோகா இலை போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது, வழியில் மாறும் நாடுகளிலும் சிக்கல் உண்டு. வேலைக்காக போதைப்பொருள் சோதனைக்கு உட்படுகிறவர்கள் அந்தத் தேநீரைக் குடிக்காமலே இருப்பது நல்லது, ஏனெனில் சோதனையில் அது தெரியக்கூடும்.

மிஞ்சிய சோல் நோட்டுகளை லிமாவிலேயே டாலராக மாற்றிவிடுங்கள்; நம் ஊர் நாணய மாற்றுக் கடைகளில் அவற்றை வாங்குவோர் அரிது. தடுப்பூசிப் புத்தகத்தைப் பெட்டியில் அடைத்து அனுப்பிவிடாமல் கைப்பையில் வையுங்கள். லிமாவில் விமானம் ஏறும்போதே அதைக் கேட்கும் நிறுவனங்கள் உண்டு. இந்தியாவில் இறங்கியதும் சுகாதாரத் துறையினர் கேட்பார்கள், பெட்டி அப்போது உங்கள் கைக்கு வந்திருக்காது.